ஆவாரங்குளத்துக் காற்று

அந்தக் காலத்தில், நகரத்துக்கு அடியில் ரயில் ஓடத் தொடங்குமுன், காற்றுக்குப் பேச வரும். மரத்தோடும் மீனோடும் பேசும். காது கொடுத்தால் மனிதர்களோடும் பேசும்.

ஆவாரங்குளத்தின் மேல் ஒரு காற்று வாழ்ந்தது. ஊர் பெருத்தபோது குளத்தைத் தூர்த்துக் காய்கறிச் சந்தை கட்டினார்கள். லாரி லாரியாக மண் விழுந்தது. காற்று பயந்துபோய்க் கரையோரக் கிணற்றுக்குள் இறங்கி ஒளிந்துகொண்டது. பிறகு கிணற்றையும் கல் பலகை போட்டு மூடிவிட்டார்கள்.

இருட்டில் அது வெகுகாலம் கிடந்தது. மேலே சந்தை இரைச்சல் கேட்கும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தது. பேரம் பேசுகிறவர்களுக்கு எங்கே கேட்கும்? கடைசியில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டது.

சந்தை பழசாயிற்று. அதை இடித்துவிட்டு, பூமிக்கு அடியில் ரயில் நிலையம் கட்ட வந்தார்கள். சுரங்கம் தோண்டும்போது கிணற்றின் பக்கச்சுவர் கொஞ்சம் உடைந்தது. உடைசலுக்கு அப்பாலும் இருட்டுதான்; வானத்துக்கு வழி தெரியவில்லை.

சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கும் வேலை சீனியம்மாளுக்கு. கூட இருந்தவர்கள் எல்லாரும் வடக்கேயிருந்து வந்தவர்கள். அவர்கள் பேசுவது இவளுக்குப் புரியாது. பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். புருஷன் போன பிறகு ஊரிலும் அவளுக்கென்று யாரும் இல்லை. சாப்பாட்டுத் தூக்கோடு உடைந்த சுவரின் ஓரமாக உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்வாள்.

"இன்னைக்கும் ரசத்துல உப்பு கூடிப்போச்சு" என்றாள் ஒருநாள்.

"அப்படியா?" என்றது சுவருக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரது?"

"காற்று. பயப்படாதே. மனுஷர் என்னோடு பேசி ரொம்ப நாளாச்சு. நீ பேசு."

சீனியம்மாள் சுவருக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "எங்கிட்டயும் யாரும் பேசி ரொம்ப நாளாச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் பேச்சுதான். அவள் ஊரைச் சொல்வாள். அது குளத்தைச் சொல்லும்.

ஒருநாள் மேற்பார்வையாளர் ஞானசிகாமணி வந்தார். "அம்மா, நாளைக்கு மேல இருக்குற கல்லை எடுத்துட்டு, கிணத்துக்குள்ள கான்கிரீட் ஊத்தப் போறோம். பார்த்து இருந்துக்குங்க."

அவர் போனதும் சீனியம்மாள் சுவரண்டை ஓடினாள். "கல்லை எடுத்ததும் வெளிய போயிடு. வானத்துக்கே போயிடலாம்."

"நீ?"

"எனக்கென்ன, வேலை கெடக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் கல் நகர்ந்தது. வெளிச்சம் விழுந்தது. காற்று ஏறியது. கிணற்றின் வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நீலமாக வானம் தெரிந்தது. அப்போது கீழே ஆட்கள் அலறுவது கேட்டது.

மண் ஏற்றிய வண்டி ஒன்று பிரேக் அறுந்து, சரிவான தண்டவாளத்தில் உருண்டு வந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தின் நடுவே குனிந்து, கழன்ற குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள் சீனியம்மாள். மோட்டார் சத்தத்தில் அவள் காதில் எதுவும் விழவில்லை.

காற்று திரும்பிவிட்டது. கிணற்றில் பாய்ந்து, உடைசல் வழியே புகுந்து, வண்டியை முந்திக்கொண்டு ஓடியது. "சீனியம்மா, எழுந்திரு!" என்று தன் குரல் முழுவதையும் சேர்த்துக் கத்தியது. கத்தியபடியே அவள் மேல் மோதியது. அவள் போய்ச் சுவரோரம் விழுந்தாள். வண்டி அவளைக் கடந்து போய்க் கவிழ்ந்தது.

கீழே நடந்தது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கான்கிரீட்டை ஊற்றிவிட்டார்கள். வானத்துக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது.

சீனியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "போகலையா நீ? ஏன் போகலை?"

காற்று பதில் சொல்லப் பார்த்தது. சொல் வரவில்லை. அந்த ஒரு கத்தலோடு அதன் பேச்சு தீர்ந்துபோயிருந்தது. அவள் முகத்தை மட்டும் தொட்டது. அவள் அழுதாள்.

அதன்பின் அவள் மட்டுமே பேசினாள். நிலையம் வளர்ந்தது. படிக்கட்டு வந்தது, நடைமேடை வந்தது, விளக்குகள் வந்தன. தண்ணீர் ஊறுவதும் நின்றது.

"வேலை முடிஞ்சுதும்மா" என்றார் ஞானசிகாமணி.

சீனியம்மாள் நடைமேடை விளிம்பில் நின்று இருட்டைப் பார்த்து, "ரயில் விட்டதும் டிக்கெட் எடுத்துட்டு வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் ரயில் ஓடிய நாளில் நடைமேடை நிறைய ஜனம். அதில் அவள் இருக்கிறாளா என்று காற்றுக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் வழியில்லை. தூரத்தில் சக்கரச் சத்தம் கேட்டதும் அந்த மண் வண்டியை நினைத்துப் பதறியது. ரயிலுக்கு முன்னால் ஓடி வந்தது.

சுரங்க நிலையங்களில் ரயில் வருமுன் ஒரு காற்று வந்து, விளிம்பில் நிற்கிறவர்களைப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவது அன்றைக்குத் தொடங்கியதுதான்.