துரை சொன்ன அடுப்பு

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முதலில் அநியாயங்களை வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசை தவறினால் நியாயமும் தவறிவிடும்.

குயிலாடி எஸ்டேட்டில் முதலில் பறிபோனது சோலைக்குள் சுள்ளி பொறுக்கும் உரிமை. அதற்குப் பிறகு, குளிருக்குத் தந்த கம்பளியை நிறுத்தினார்கள். அதற்கும் பிறகு, கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவைப் பூட்டினார்கள். நான்காவதாக, வீடுதோறும் இலவசமாகத் தந்த விறகுப்படியில் கை வைத்தார்கள். அது மட்டும் நடக்கவில்லை. ஜனங்கள் மழையில் உட்கார்ந்து போராடி, வீட்டுக்கு இவ்வளவு கட்டை என்று எழுதி வாங்கினார்கள். அவர்களை உட்கார வைத்தவர் சங்கத் தலைவர் சவரிநாதன். அதில் போலீஸ் அடித்து அவருக்கு முன்பல் ஒன்று போனது. கேட்பவர்களுக்கு வாயைத் திறந்து காட்டுவார்.

ஐந்தாவதாக வந்தது புகைத் தடை. கீழே பள்ளத்தில் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் புகை பனியோடு சேர்ந்து அங்கே போய்த் தேங்குகிறது என்று எஸ்டேட் இருக்கும் சரிவையே புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி ஆக்கிவிட்டது அரசாங்கம். அரசு முத்திரை குத்திய அடுப்பில்தான் விறகு எரிக்கலாம். அதிலும் புகை தெரிந்தால் அடுப்புக்குச் சீல். காஸ் வண்டியோ எஸ்டேட் பாதையில் ஏறுவதில்லை. அடுப்பு வாங்கித் தருவது நிர்வாகம், எந்த அடுப்பு என்று சொல்வது சங்கம் என்று பேசி முடித்தார் சவரிநாதன்.

முத்திரை பெற்றவை இரண்டு. ஒன்று கனத்த இரும்பு அடுப்பு. முழுக்கட்டையே போடலாம். ஆனால் அந்தக் கட்டை ஒரு வருஷமாவது கூரைக்கடியில் காய்ந்திருக்க வேண்டும். மற்றது சின்ன வாய் அடுப்பு. விரல் தடிமன் குச்சிதான் நுழையும். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டியபின் கிடக்கும் குச்சியே போதும், பரணில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். எஸ்டேட் துரை, அதாவது மேனேஜர், சின்னதுதான் நல்லது என்று சொல்லி மாதிரிக்கு ஒன்றை லயத்துக்கு அனுப்பினான்.

"ஏன் அனுப்புறான்?" என்று கூட்டத்தில் கேட்டார் சவரிநாதன். "இன்னிக்குக் குச்சி அடுப்பு. நாளைக்கு, குச்சி அடுப்புக்குக் கட்டை எதுக்கும்பான். பல்ல ஒடச்சு வாங்குன விறகுப்படி போயிரும்."

"தலைவரே, நமக்குக் குடுக்குறது பச்சக் கட்டை. காயவைக்கக் கொட்டகை எங்க இருக்கு?" என்றாள் கொழுந்தெடுக்கும் பேச்சித்தாய்.

"துரை பேச வேண்டியத நீ பேசுற. தனியா சம்பளம் தர்றானா?"

கூட்டம் சிரித்தது. கட்டை பச்சை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. இரும்பு அடுப்பே வேண்டும், துரையின் அடுப்பைத் தொடுகிறவர் பெயர் சங்கத்திலிருந்து அடிக்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது.

பேச்சித்தாயின் புருஷன் மாடசாமிக்கு மூச்சிரைப்பு. அவள் யாரிடமும் சொல்லாமல் எஸ்டேட் ஆபீசுக்குப் போய், சங்கம் திருப்பி அனுப்பிய மாதிரி அடுப்பைக் கேட்டு வாங்கி வந்தாள். தீர்மானப்படி அவள் பெயரை அடித்தார்கள்.

"துரை அடுப்புல வெந்த சோறு தொண்டையில எறங்குதாக்கும்?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள்.

"எறங்குது அக்கா. இருமாம எறங்குது."

அதன்பின் அவளோடு யாரும் பேசவில்லை.

பருவமழை பிடித்தது. நிர்வாகம் வாங்கித் தந்த இரும்பு அடுப்புகளில் பச்சைக் கட்டை சீறியது, அழுதது, எரியவில்லை. லயம் முழுக்கப் புகை. அதிகாரி வந்து ஒவ்வொரு வீடாகச் சீல் வைத்தார். சவரிநாதன் வீட்டில் மகள் ஜெபமணி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பச்சை உடம்புக்கு வெந்நீர் வைக்கவும் நெருப்பில்லை. அவர் சீல் வைத்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்டை வீட்டுப் பெண்கள் முக்காட்டுக்குள் பானையை மறைத்து எங்கே போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஜெபமணி எழுந்தாள். "நீங்க கேக்க வேணாம்ப்பா. நான் கேட்டுக்கிறேன்."

பானையை எடுத்துக்கொண்டு போனாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் பேச்சித்தாயின் வீடு; அவள் குரல் கேட்டது. "நீ ஏம் புள்ள இந்த ஈரத்துல வந்த? குரல் குடுத்தா நான் கொண்டாந்திருக்க மாட்டேனா? அப்பாவுக்கும் ஒரு வாய் காப்பித்தண்ணி எடுத்துட்டுப் போ."

மகள் கொண்டுவந்து வைத்த காப்பித்தண்ணியைச் சவரிநாதன் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். எத்தனையோ தடவை போலீஸ் அடித்தபோதும் நிமிர்ந்திருந்த தலை இப்போது குனிந்திருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் தீர்ப்பு சுலபம். மறுவாரமே துரை நோட்டீஸ் ஒட்டினான்: குச்சி அடுப்பு நன்றாக எரிவது ஒரு வீட்டிலேயே நிரூபணமாகிவிட்டதால், இனி எல்லா வீட்டுக்கும் அதுதான், கட்டை கிடையாது. தலைவர் அன்று சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. லயம் இரண்டாகப் பிரிந்தது. பேச்சித்தாயைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது ஒரு பாதி. விறகுப்படியைத் தின்றவள் மன்னிப்புக் கேட்கட்டும் என்றது மறுபாதி. கூட்டம் கூடியது.

நல்ல அடுப்பைக் காட்டியவன் துரை. துரையின் சூதை முன்கூட்டியே கண்டவர் சவரிநாதன். தீர்மானத்தை மீறி அடுப்பை எடுத்தவள் பேச்சித்தாய். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: துரை சொன்னது நிஜம்தான்; பறிப்பதற்காகச் சொன்ன நிஜத்துக்கு மரியாதை இல்லை. சவரிநாதன் ஆளைச் சரியாக எடைபோட்டார், அடுப்பை எடைபோடவே இல்லை. அடுப்பையும் வாங்கிக்கொண்டு கட்டைக்கும் போராடியிருக்கலாம். இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டவன் துரை. அதே முடிச்சைத் தலைவரும் போட்டார். பேச்சித்தாய் ஒளித்து எடுத்தது குற்றம் என்றால், வெளிப்படையாகக் கேட்டபோது சிரித்த எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. அவள் செய்ததே சரி. கூட்டத்தில் சவரிநாதன் இதைத்தான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. கட்டைக்கான அடுத்த போராட்டத்தில் உட்காருபவர்களின் பெயர்களைப் படிக்கச் சொன்னார்கள். முதல் பெயரையும் அவர் தரையைப் பார்த்தே படித்தார். நிறுத்தி, தலையை நிமிர்த்தி, லயமே சாட்சியாக மறுபடி படித்தார்: "மூணாம் லயம், மாடசாமி சம்சாரம், பேச்சித்தாய்."