நாலடுக்குக் கேரியர்

இரண்டாயிரம் ரூபாய்த் தாளை அரசு திரும்பப் பெற்ற வாரமே, தாசில்தார் வரதராஜுலு ‘இங்கே லஞ்சம் ஒழிந்தது’ என்று வாசலில் பலகை மாட்டினார். பலகையைப் பார்த்துவிட்டு மேலதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார்.

பன்னிரண்டு வருடமாக வேலை நிரந்தரமாவதற்காகக் காத்திருந்த தினக்கூலிப் பியூன் சன்னாசியைத் தாசில்தார் தனியே அழைத்தார்.

“பணம்ங்கிற பேச்சே உன் வாயில வரக்கூடாது. வந்துச்சு, நாளைக்கே நீ வீட்டுக்குப் போயிடலாம்.”

“வராதுங்கய்யா.”

மேலதிகாரி சன்னாசியிடம் கேட்டார்: “தாள் போனப்புறம் இங்க என்ன மாறியிருக்கு?”

“ஐயாவுக்குப் பசி கூடிப்போச்சு சார். மனு கொடுக்க வர்றவங்க முன்னெல்லாம் ஓரடுக்குக் கேரியர்ல சாப்பாடு கொண்டாருவாங்க. இப்ப நாலடுக்கு. இங்க ஒரு வாய் திங்கமாட்டார். அவர் வீட்டுக்குத் தூக்கித் தூக்கி என் தோள்தான் போச்சு.”

தாசில்தாரின் மேசைக்கடியில் இருந்த கேரியரை மேலதிகாரி திறந்தார். நாலடுக்கிலும் ஐநூறு ரூபாய்த் தாள்கள். ஓர் இரண்டாயிரத்துக்கு நாலு ஐநூறு என்பதால், அடுக்கின் எண்ணிக்கையில் பிழை சொல்ல முடியாது.

தாசில்தார் நாற்காலியை விட்டு எழுந்தார். மேலதிகாரி நிதானமாகக் கேரியரை மூடினார்.

“எனக்கும் பசிக்குதே” என்றார்.

மறுநாள் சன்னாசிக்கு வேலை நிரந்தரமானது. இரண்டு கேரியர் தூக்க நம்பகமான ஆள் தேவைப்பட்டது.