ஆட்காட்டியின் மனு

குளத்தின் கிழக்குக் கரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை வெறும் தரையில் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. காலையில் தண்ணீர் குடிக்க வந்த யானை இரண்டை மிதித்துவிட்டுப் போனது. மிதித்தது அதற்குத் தெரியவும் இல்லை.

அந்தக் காட்டில் யானையிடம் எதையும் மனுவாகத்தான் சொல்ல வேண்டும். மனு எழுதத் தெரிந்தது மரங்கொத்திக்கு மட்டும். மரப்பட்டையில் கொத்திக் கொத்தி எழுதும். அதன் குடும்பத்தில் எழுதப் படித்த முதல் பறவை அதுதான். அதனால் ஒரு வரிகூடச் சாதாரணமாக இருந்துவிடக் கூடாதே என்று ஒரு பயம். யானை கோபித்துக்கொள்ளுமோ என்று இன்னொரு பயம்.

"அண்ணே, மிச்சம் ரெண்டாவது பிழைக்கணும். நல்லா எழுதுங்க!" என்றது ஆட்காட்டி.

மரங்கொத்தி மாலைவரை கொத்தியது. பிறகு யானை முன் வாசித்தது:

"நடமாடும் மலையே! தங்கள் திருவடி பட்டுக் கிழக்குக் கரை சிலிர்க்கிறது! எளிய குடும்பம் ஒன்று தங்கள் பாத மலரில் கலந்துவிட்டது!"

யானை காதை ஆட்டியது. "கரைக்கு என்மேல் இவ்வளவு பிரியமா! நாளைக்கு என் கூட்டத்தையே கூட்டி வருகிறேன்!"

யானை போனதும் ஆட்காட்டி கேட்டது: "என் முட்டை இதில் எங்கே அண்ணே?"

"அந்த எளிய குடும்பம் நீதான்."

"நானா? எனக்கே தெரியலையே! நீங்க கூட்டத்தையே விருந்துக்குக் கூப்பிட்டுட்டீங்க!"

மரங்கொத்தி பழைய பட்டையைக் கீழே போட்டது. "தப்பு என்னுடையதுதான்" என்று சொல்லிவிட்டுப் புதுப் பட்டையைத் தேடியது. இந்த முறை உவமையே வேண்டாம் என்று முடிவு செய்தது.

"ஒன்னே ஒன்னு போடுங்க" என்றது ஆட்காட்டி. "என் முட்டை கூழாங்கல் மாதிரி இருக்கும். அதைச் சொல்லலைன்னா அவருக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் கூட்டம் கிளம்புவதற்குள் மரங்கொத்தி பறந்து போய் வாசித்தது.

"யானையாரே, நேற்று நீங்கள் ஆட்காட்டியின் இரண்டு முட்டைகளை மிதித்து உடைத்தீர்கள். இன்னும் இரண்டு கிழக்குக் கரையில் இருக்கின்றன. கூழாங்கல் போல இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மேற்குக் கரையில் இறங்குங்கள்."

யானை ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தது.

"இதை நேற்றே ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன் ஐயா. உங்களுக்குப் புரிந்துவிடாதபடி சொன்னேன்."

யானை கூட்டத்தை மேற்குப் பக்கம் திருப்பியது.

சொல்ல வந்ததைக் கண்முன் காட்டுவதே நல்ல உவமை. அதை மறைத்துவிடும் உவமை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டி எறிய வேண்டியதே.