தூணுக்கு ஓர் ஆள்

படம் அச்சடிக்கக் கீறின ஒரு செப்புத் தகட்டுக்குள் ஒரு பட்டணம் இருந்தது. நடுவில் துரைமார் மாளிகை, அதன் வாசலில் வரிசையாகப் பெரிய பெரிய தூண்கள். உள்ளே வெறும் செங்கல், மேலே சங்குச் சுண்ணாம்புப் பூச்சு. நினைப்பு என்னவோ வானத்தையே தாங்குகிற மாதிரி!

மாளிகைக்கு முன்னால் தெரு. அதில் ஒரு மோர்க்காரி, பல்லக்குத் தூக்கிகள், ஒரு சொறிநாய். அப்புறம் சந்தைக்குப் புறப்பட்ட குப்பச்சியும் அவள் மகள் துளசியும். மகள் கையைத் தாய் பிடித்திருக்கிற மாதிரிதான் தகட்டில் கீறியிருந்தார்கள். அந்தக் கையைக் குப்பச்சி ஒரு நொடிகூட விட்டதில்லை.

தகட்டிலிருந்து படங்கள் அச்சாகிக் கப்பலேறின. சீமையில் வாங்கினவர்கள் முகம் சுளித்தார்கள். "கட்டடம் பிரமாதம். தெருதான் ஒரே சந்தைக்கடை!" உடனே அச்சுப் பட்டறைக்காரர் தேய்ப்பிரும்பைக் கையில் எடுத்தார். செம்பில் கீறியதை அழுத்தித் தேய்த்து அழிப்பதுதான் அதற்கு வேலை.

முதலில் நாய் போயிற்று. பிறகு பல்லக்கும் தூக்கினவர்களும். பாவம் மோர்க்காரி, அவளுக்குக் கத்தக்கூட நேரமில்லை.

குப்பச்சி பக்கத்துத் தூணிடம் கெஞ்சினாள்.

"சாமி, நீங்க சொன்னா கேப்பாங்க. எங்க ரெண்டு பேரையும் விட்டுடச் சொல்லுங்க. உங்க காலடியிலயே ஒண்டிக்கிறோம்."

தூணுக்கு அப்போதுதான் தன் கவலை உறைத்தது.

"ஏய் இரும்பே, நில்லு! எல்லாரையும் அழிச்சிட்டா என் உயரம் எவனுக்குத் தெரியும்? பக்கத்துல ஒரு ஆள் நின்னாத்தானே நான் பெரியவன்?"

"அதான் ஒரு ஆளை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருக்காங்க," என்றது இரும்பு.

"அப்போ எம்மவள விட்டுடுங்க! என்னைத் தேய்ச்சுக்குங்க!" என்று பதறினாள் குப்பச்சி.

"பிள்ளையை வெச்சு என்ன பண்றது?" என்றது தூண். "அதுக்கு வயசு நாலா, எட்டான்னு யார் கண்டா? அளவு தெரியணும்னா வளர்ந்த ஆள் வேணும். நீயே நில்லு. உனக்கு யோகந்தான் போ!"

"அந்த யோகத்துல இடி விழ!" என்று அலறினாள் குப்பச்சி.

இரும்பு துளசியின் காலில் தொடங்கியது.

"அம்மா, கூசுதும்மா," என்றாள் துளசி. சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு இடுப்பு, கழுத்து, முகம். கடைசியாக விரல்கள். குப்பச்சி இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். செம்பில் கீறின கைக்கு எவ்வளவு பலம் இருக்கும், சொல்லுங்கள்!

துளசி நின்ற இடத்தில் பட்டறைக்காரர் வெயில் விழுகிற மாதிரி வெற்றுத்தரையை விட்டார். வேலை சுத்தமாக இருந்தது.

புதுப் படம் அச்சாகிப் பெரிய வீட்டுச் சுவர்களில் தொங்கியது. பார்க்கிறவர்கள் முதலில் தூணைப் பார்த்து வாய் பிளப்பார்கள். பிறகு கீழே, கையை நீட்டிக்கொண்டு தனியாக நிற்கிற குப்பச்சியைப் பார்ப்பார்கள்.

"அந்த ஊரில் பிச்சைக்காரர்கள் தொல்லை போலிருக்கிறது," என்று சொல்லிவிட்டு நகர்வார்கள்.