நாலு தடவை இம்ப்ளோர்

கலெக்டர் கச்சேரியில் மாசானம் பியூன். தன் ஊர்க் கண்மாய் மடையைத் திறக்கச் சொல்லி அவன் இங்கிலீஷில் எழுதிக் கொண்டுவந்த மனுவை ஹெட்கிளார்க் சிங்காரவேலு மூன்றாம் தடவையும் வீசி எறிந்தார். பயிரோ இன்னும் நாலு நாள்தான் தாங்கும்.

"ரிக்வெஸ்ட்னு எழுதினா திமிரு. பெக்னா பிச்சை. இம்ப்ளோர்னு கெஞ்சினா அழுகை. எதை எப்போ எழுதணும்னு நீ சொல்லுடா, மனுவை எடுத்துக்கிறேன்."

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். சத்தம் கேட்டு, தமிழ் தெரிந்த கலெக்டர் துரையும் வாசலில் வந்து நின்றார்.

சிங்காரவேலு தான் எழுதும் எந்தக் கடிதத்தையும் உரக்கப் படித்து ரசித்த பிறகுதான் உறையில் போடுவார். பத்து வருஷமாக அந்த உறைகளுக்கு அரக்கு வைப்பவன் மாசானம்.

"சொல்லுதேன் அய்யா. மச்சினன் கல்யாணத்துக்கு லீவு கேட்டப்போ ரிக்வெஸ்ட்னு எழுதினீங்க. சம்பளம் கூட்டிக் கேட்டப்போ பெக். போன மாசம் ஆபீஸ் ஃபைலைத் தொலைச்சு, வேலை போகும்னு ஆனப்போ இம்ப்ளோர், அதுவும் நாலு தடவை. எங்களுக்கு இப்போ பயிர் போகுது. எதைப் போடட்டும் அய்யா?"

துரை வாய்விட்டுச் சிரித்தார். அந்த நாலு இம்ப்ளோரும் அவர் மேசைக்குத்தான் வந்திருந்தன.

"இருக்கிற சொல்லே போதும்" என்று சிங்காரவேலு குனிந்து மனுவைப் பொறுக்கினார்.

அன்று சாயங்காலமே மடை திறந்தது.