ஊசிப்புல் மேடு

சோணாசலம் மலைக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வயது ஐம்பத்து மூன்று. குரு நாச்சியம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

சோணாசலம் அடிவாரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஒருநாள் காலை, காபி ஆற்றிக்கொண்டிருந்த மனைவி அப்படியே சரிந்தாள். எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. கதவு தட்டினால் பயம்; தட்டாவிட்டாலும் பயம். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே வந்தார். ஆனால் எதற்காக வந்தேன் என்று குருவிடம் சொல்ல வெட்கம். விறகு பிளந்தார், தண்ணீர் சுமந்தார், வாயைத் திறக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் நாச்சியம்மை விடியும்போதே கிளம்பினார். புல்மேட்டுக்கு அந்தப் பக்கம் எட்டுக் குடிசைகள். அங்கே பெள்ளி என்கிற பெண்ணுக்குப் பேறுவலி கண்டிருந்தது.

பிற்பகலில் பனிமூட்டம் இறங்கியது. அதற்குள்ளிருந்து ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். பெள்ளியின் புருஷன் மாதன்.

"சாமி, பிள்ளை பிறந்துடுச்சு. ஆனா ரத்தம் நிக்கலை. உறியில தொங்குற மருந்துப் பை வேணுமாம். அம்மா கேட்டாங்க."

சோணாசலம் பையை எடுத்து நீட்டினார். மாதன் வாங்கவில்லை. காலைக் காட்டினான். கணுக்கால் பூசணி போல் வீங்கியிருந்தது.

"ஓடி வந்ததுல மடங்கிடுச்சு. இதோட திரும்பினா பொழுது சாஞ்சிடும். நீங்கதான் போகணும்."

"நானா? எனக்கு வழி தெரியாதேப்பா."

"வழின்னு ஒண்ணு கிடையாது சாமி. மேடு பூரா உளைச்சேறு. போன வருசம் எங்க எருமை ரெண்டு உள்ளே போச்சு, கொம்புகூடக் கிடைக்கலை. ஊசிப்புல் மட்டும் ஈரத்துல முளைக்காது. அது இருக்கிற இடத்துல தரை கெட்டி. செருப்பைக் கழட்டிடுங்க. கால்ல குத்துதான்னு பார்த்துப் பார்த்து நடங்க."

"இந்தப் பனியில ஒண்ணுமே தெரியலையே!"

"கண்ணு வேண்டாம் சாமி. கால் போதும்." மாதன் மூட்டத்துக்குள் கையைக் காட்டினான். "சீக்கிரம் போங்க."

சோணாசலம் செருப்பைக் கழற்றினார்.

பத்தடி போனதும் பின்னால் குருவின் குடிசை காணாமல் போனது. எதிரே வெள்ளை, பக்கத்தில் வெள்ளை. நீட்டிய கையின் விரல்கள் தெரியவில்லை. காய்ந்த ஊசிப்புல்லின் முனைகள் உள்ளங்காலில் ஏறின. வேட்டியைத் துளைத்துக் கெண்டைக்காலில் தைத்தன. ஒவ்வொரு அடிக்கும் அவர் "அம்மா" என்றார். எங்கேயோ சேறு குமிழிவிட்டது. எருமையின் நினைவு வந்தது. நெஞ்சு அடித்த அடி காதில் கேட்டது.

திரும்பிவிடலாமா? எந்தப் பக்கம் திரும்புவது?

எவ்வளவு நேரம் நடந்தாரோ. சட்டென்று குத்துவது நின்றது.

காலடியில் பஞ்சுமெத்தை மாதிரிப் புல். குளுகுளுவென்றிருந்தது. குனிந்து பார்த்தபோது மூட்டத்திலும் அந்தப் பச்சை தெரிந்தது. அப்பாடா என்று அவருக்கு மூச்சு வந்தது. இவ்வளவு நாளில் முதல் தடவையாகப் பயம் விட்டு நெஞ்சு அடங்கியது. தாண்டிவிட்டோம், இனிமேல் இப்படித்தான் என்று நினைத்தார். இன்னொரு அடி வைத்தார். மற்றொன்று.

நாலாவது அடியில் வலது கால் முழங்கால்வரை போனது. இழுப்பதற்குள் இடது காலும் போனது. சேறு தொடையைக் கவ்வியது. உதறினார். இடுப்பு வரை வந்தது.

அவர் கத்தினார். மூட்டம் அந்தச் சத்தத்தை விழுங்கிக்கொண்டது.

கையில் மருந்துப் பை. அதைப் பல்லால் கடித்துக்கொண்டார். உடம்பைத் திருப்பி, வந்த பக்கமாகக் குப்புறப் படுத்தார். கைகளால் துழாவினார். வழுவழு. மறுபடி வழுவழு. முகவாய் சேற்றில் பட்டபோது விரல்நுனியில் சுருக்கென்று ஏறியது.

ஊசிப்புல்!

கொத்தாகப் பிடித்தார். முள்ளாய்க் கை முழுதும் இறங்கியது. விடவில்லை. விரல் விரலாக, கொத்துக் கொத்தாக இழுத்து வெளியே வந்து விழுந்தார். அழுதார். ரத்தம் நிக்கலை என்ற மாதனின் குரல் காதிலேயே இருந்தது. காலை நீட்டி, குத்துகிற இடம் பார்த்து ஊன்றி எழுந்தார்.

நாய் குரைப்பது கேட்கும்வரை நடந்தார்.

பெள்ளியின் குடிசை வாசலில் நாச்சியம்மை நின்றார். பையை வாங்கினார், அவரைப் பார்த்தார், உள்ளே போனார். விளக்கேற்றும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கிழவி வந்து, "நின்னுடுச்சு" என்றாள். சோணாசலம் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை வெயில் வந்தது. இருவரும் திரும்பினார்கள். நாச்சியம்மை முன்னால், அவர் பின்னால். மேட்டில் எங்கும் ஊசிப்புல் செம்பழுப்பாகக் காய்ந்து நின்றது. நடுநடுவே பச்சைத் திட்டுகள், பார்க்கப் பார்க்க அழகாக.

பாதி தூரத்தில் சோணாசலம் நின்றார்.

"அம்மா."

"சொல்லுங்க ஐயா."

"எனக்குப் பயம். எல்லாத்துக்கும் பயம். அதுக்காகத்தான் வந்தேன். சொல்ல வெட்கமா இருந்தது. நேத்து இவ்வளவு தூரம் வந்தேன், அப்பவும் போகலை. இப்பக்கூட அப்படியேதான் இருக்கு. இதை என்கிட்டேயிருந்து எடுத்துடுங்கம்மா."

நாச்சியம்மை அவருடைய கையைப் பிடித்து, உள்ளங்கையில் தைத்திருந்த ஓர் ஊசியைப் பிடுங்கினார்.

"நேத்து வழியில அது உங்களை விட்டு எங்கேயும் போகலையா?"

"போச்சு. ஒரே ஒரு இடத்துல."

"எந்த இடம், காட்டுங்க."

சோணாசலம் கையை உயர்த்தினார். நேற்று இடுப்பு வரை புதைந்த, வெயிலில் பளபளக்கும் பச்சைக்கு நேராக விரல் நீண்டது. அங்கேயே நின்றது.