செவ்வாய் பின்வாங்கிய எழுபத்திரண்டு நாட்கள்

“அம்மா, அடுப்பு எரிகிறதா?”

பூதியார் வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டான் ஆதிச்சன். ஐம்பது வயது. அரண்மனைக் கணி. பதினோரு ஆண்டுகளாகக் கிரகங்களைப் பார்த்துப் பார்த்து ஓலையில் குறிப்பவன். மூன்று ஆண்டுகளாகப் பூதியாரிடம் வீணை கற்கிறான். குருவுக்கு அவனைவிடப் பதினைந்து வயது குறைவு.

“எரிகிறது. என்ன, பசியா?”

“பசியாவது ஒன்றாவது! கண்டுபிடித்துவிட்டேன்!”

மூச்சு வாங்க, சுண்ணக்கட்டியால் தரையில் வட்டம் போட்டான். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தான்.

“பன்னிரண்டு ராசி, பன்னிரண்டு சுரத்தானம். ஏழு கிரகம், ஏழு சுரம். வானம் ராகம் வாசிக்கிறது அம்மா! நாளைக்கு அரசவையில் சொல்லப் போகிறேன்!”

பூதியாருக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாது. வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“பிரமாதம்! அது சரி, அடுப்பு எதற்கு?”

அவன் முகம் சுருங்கியது. கக்கத்தில் இடுக்கியிருந்த ஓலைக்கட்டைத் தொட்டுக் காட்டினான்.

“செவ்வாய், அம்மா. சரியான சண்டி மாடு. முன்னால் போகும், நிற்கும், எழுபத்திரண்டு நாள் பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். மற்றவையும் அவ்வப்போது இப்படித்தான். சூரியனும் சந்திரனும் மட்டும்தான் சொன்னபடி கேட்கின்றன. ராகமே கெடுகிறது! அந்த நாட்களை எல்லாம் விட்டுவிட்டுப் புதுப் பிரதி எழுதிவிட்டேன். இந்தப் பழசு யார் கண்ணிலும் படக் கூடாது.”

பதினோரு ஆண்டு உழைப்பு. போனால் போனதுதான், இன்னொரு தடவை பார்த்து எழுத அவனுக்கு ஆயுள் வேண்டும்.

பூதியார் தடுக்கவில்லை.

“எரிக்கலாம். முதலில் உமது புதுப் பிரதி எப்படி ஒலிக்கும் என்று கேட்போம். தோடி வாசிக்கட்டுமா?”

அவனுக்கு உயிரான ராகம். சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

அவள் வாசித்தாள். ஒவ்வொரு சுரத்தையும் அதனதன் இடத்தில் மீட்டினாள். தந்தியை இழுக்கவில்லை, அசைக்கவில்லை. ஒன்று முடிந்து ஒன்று, நேராக.

மூன்றாவது சுரத்திலேயே ஆதிச்சன் காதைப் பொத்திக்கொண்டான்.

“ஐயோ, நிறுத்துங்கள்! தோடியின் காந்தாரத்தை இப்படியா கட்டை மாதிரி நிறுத்துவது? மேலே போய்க் கீழே வந்து ஆட வேண்டாமா? அந்த அசைவு எங்கே?”

“உமது கக்கத்தில்.”

ஆதிச்சன் தன் கக்கத்தைக் குனிந்து பார்த்தான்.

பிறகு ஓலைக்கட்டைப் பிரித்த வேகத்தில் கயிறே அறுந்தது.

“சிம்மத்தில் நிற்கிறது... பின்னால்... இன்னும் பின்னால்... கடகம்... நிற்கிறது... முன்னால்! அம்மா, நான் படிக்கிறேன், நீங்கள் வாசியுங்கள்! வாசியுங்கள்!”